பதின்ம வயதினரும் போதைப்பொருள் பாவனையும்: உளவியற் காரணிகள்

லா சப்பல் கடைத்தெருவிலிருந்து ஸ்டாலின்கிராட் வரை நடந்து செல்லும் தமிழ்ப் பெற்றோர், தெருவோரத்தில் கிராக் புகைப்போரைச் சுட்டிக்காட்டித் தம் பிள்ளைகளை எச்சரிப்பதுண்டு. பொர்த் து லா சப்பல் மேட்டிலிருந்த முகாம் 2019 நவம்பரிலும், போர்செவால் சதுக்கத்திலிருந்த முகாம் 2022 ஒக்டோபரிலும் அகற்றப்பட்ட பின்னரும் அக்காட்சி முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும் பதின்ம வயதினர் முதலில் தொடுவது பெரும்பாலும் கிராக் அன்று. மது, சிகரெட், கஞ்சா ஆகியவையே. பிரான்சில் 17 வயதினரிடையே 2022இல் நடத்தப்பட்ட எஸ்கபாட் ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் ஒருமுறையேனும் கஞ்சா புகைத்ததாகக் கூறினர். 2017இல் அத்தொகை 39 ஆக இருந்தது.

ஒருமுறை புகைத்துப் பார்த்தவர் அனைவரும் அடிமையாவதில்லை. சிலர் மட்டும் ஏன் தொடர்கின்றனர் என்பதை விளக்க உளவியலாளர் நான்கு இயல்புகளைக் குறிப்பிடுவர்: புதுக்கிளர்ச்சியைத் தேடுதல், எண்ணாது செயற்படுதல், பதற்றத்துக்கு எளிதில் உட்படுதல், நம்பிக்கையிழந்திருத்தல். முதலிரண்டும் வெளியே தெரியும். பாடசாலையிலிருந்து கடிதமே வந்துவிடும். பின்னிரண்டுமே கண்ணிற் படாதவை. சொல்வழி கேட்கும் அமைதியான பிள்ளை என வீட்டார் மகிழ்ந்திருக்க, அப்பிள்ளை உறக்கமின்மையையும் நெஞ்சுப் படபடப்பையும் தணிக்கக் கஞ்சாவை நாடக்கூடும். அது மருந்துபோல் உதவுவதாகத் தோன்றுவதாலேயே கைவிடுதல் கடினமாகிறது.

புலம்பெயர் குடும்பங்களில் இதற்கு வேறொரு சூழலும் உண்டு. பத்து வயதிலேயே பிரிபெக்சரிலும் மருத்துவரிடமும் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளை, வீட்டின் கடனையும் வதிவிட அனுமதிச் சிக்கலையும் அறிந்துகொள்கிறது. தன் துயரை இன்னொரு சுமையாக்க விரும்பாது மறைக்கிறது. போரைக் கண்ட பெற்றோர் அதுபற்றி வாய்திறவாதிருப்பதும், அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளோடு ஒப்பிடுவதும் அம்மௌனத்தை வளர்க்கும். “ஊருக்கு அனுப்பிவிடுவோம்” என்னும் மிரட்டல் பாவனையை நிறுத்துவதைவிட, அதை ஒளித்துச் செய்யவே கற்பிக்கும்.

12 முதல் 25 வயது வரையானோருக்கான ‘கொன்சுல்தாசியோன் ஜூன் கொன்சொமாத்தர்’ ஆலோசனை நிலையங்கள் கட்டணமற்றவை. அங்கு கூறப்படுபவை இரகசியமாகக் காக்கப்படும். பிள்ளை வர மறுப்பின் பெற்றோர் மட்டும் செல்லலாம். ‘துரோக் இன்போ சேர்விஸ்’ தொலைபேசி எண் 0 800 23 13 13. நாள்தோறும் காலை 8 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை இலவசமாக அழைக்கலாம், பெயர் கூறத் தேவையில்லை. ஆலோசனைக்குச் செல்லும்போது மொழிபெயர்க்க அப்பிள்ளையையோ அதன் உடன்பிறப்பையோ அழைத்துச் செல்லாது, நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டல் வேண்டும்.