கறுப்புப் புகை, வெள்ளைப் புகை: உள்ளே என்ன இருக்கு?

போகி அன்று தெருவில் இரண்டு தீ எரிகிறது. ஒன்றில் பழைய டயர், மற்றொன்றில் ஈரச் சருகும் குப்பையும். டயர் புகை கறுப்பு என்பதால் எல்லோரும் விலகிப் போறாங்க. வெள்ளைப் புகை பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள். இது சரியா? எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே பார்த்தால் புரியும்.

கொழுந்துவிட்டு எரியும் தீ

டயர் எரியும்போது கொழுந்தின் உள்ளே ஆக்சிஜன் போதாது. முழுதாக எரியாத கார்பன், குட்டி உருண்டைகளாக மாறுகிறது. ஓர் உருண்டையின் அகலம் சுமார் 20 முதல் 50 நானோமீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். இவை ஒன்றோடொன்று ஒட்டி, திராட்சைக் கொத்து போலவும் கிளைவிட்ட சங்கிலி போலவும் ஆகின்றன. இதுதான் புகைக்கரி. ஒளியை உறிஞ்சுவதால் கறுப்பாகத் தெரிகிறது. கிளைகளில் இடம் அதிகம் என்பதால் நச்சு வேதிப்பொருட்களும் ஒட்டிக்கொள்ளும்.

கனன்று புகையும் தீ

ஈரச் சருகில் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. அதனால் எரியாத ஆவிகள் வெளியேறி, குளிர்ந்து, உருண்டையான நுண்துளிகளாகின்றன. சில துளிகள் இறுகி 'தார் உருண்டை' ஆகும். இவை ஒளியைச் சிதறடிப்பதால் புகை வெள்ளையாகத் தெரிகிறது. அவ்வளவுதான், வெள்ளை என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

வடிவம் வேறு, ஆபத்து ஒன்று

இரண்டு புகையிலும் பெரும்பாலான துகள்கள் 2.5 மைக்ரோமீட்டரை விடச் சிறியவை. அதனால் நுரையீரலின் ஆழம் வரை போகும். போகி விடியலில் தரையோரக் குளிர்காற்று மேலே எழாது. புகை அங்கேயே தங்கி, பனியோடு கலந்துவிடும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானச் சேவை பாதிக்கப்பட்டது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்க. 200-ஐத் தாண்டினால் 'மோசம்'. குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டுக்குள் இருப்பது நல்லது.
• வெளியே போயே ஆகணுமா? கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் அணியுங்கள், மூக்கோரம் இடைவெளி இல்லாமல்.
• சென்னையில் யாராவது குப்பை எரித்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் செய்யலாம்.
• பழைய டயர், பிளாஸ்டிக்கை எரிக்காதீங்க. தரம் பிரித்து, குப்பை சேகரிக்க வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.