ஏரியில் கல்லெடுத்தோர்

மலையை உடைத்துக் கல்லெடுப்பதை யாவரும் அறிவர். நிலத்தை அகழ்ந்து கல்லெடுப்பதையும் அறிவர். ஆனால், ஏரியின் அடியிலிருந்து கல்லை வாரியெடுத்து, அதனை விற்று வாழ்ந்த மக்களும் உலகில் இருந்தனர். கனடா நாட்டின் ஒண்டாரியோ ஏரிக்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் செழித்து விளங்கியது. இன்று அத்தொழிலும் இல்லை. அது செய்வாரும் இலர்.

ஒண்டாரியோ ஏரியின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுரக் கிலோமீட்டர். பெயரால் ஏரியெனினும் தோற்றத்தால் அது கடலை ஒக்கும். அதன் வடகரையில் டொராண்டோ நகரம் அமைந்துள்ளது. 1834-ஆம் ஆண்டில் அது நகரமென்னும் தகுதி பெற்றபோது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 9,000 பேரே. 1901-ஆம் ஆண்டில் அத்தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. மக்கள் பெருகவே வீடுகளும் சாலைகளும் படகுத் துறைகளும் பெருகின. இவற்றிற்கெல்லாம் கல் வேண்டும். பாரமான கல்லைச் சேறு மிகுந்த சாலைகளில் வண்டியேற்றிக் கொணர்தல் அரிது. நீர்வழியே கொணர்தல் எளிது.

அவ்வேரியின் கரையோரத்தில் ஒருவகைக் களிப்பாறை உண்டு. ஏறத்தாழ நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி, அடுக்கடுக்கான பாறையாயிற்று. பனியும் அலையும் அப்பாறையைப் பிளந்து, தட்டையான பலகைகளாக ஆழமற்ற நீரில் பரப்பியிருந்தன. உளி படாமலே அவை அடித்தளம் கட்டுவதற்கு ஏற்றவையாயிருந்தன.

கல்லெடுப்போர் சிறு பாய்மரக் கப்பல்களை வைத்திருந்தனர். கரையை நெருங்கிச் செல்லும் பொருட்டு அவற்றுள் பல தட்டையான அடிப்பாகம் உடையனவாய் அமைக்கப்பட்டன. கிரெடிட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள போர்ட் கிரெடிட் என்னும் சிற்றூர் இத்தொழிலுக்குத் தலைமையிடமாய்த் திகழ்ந்தது. கப்பலைச் சற்று அப்பால் நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று பேர் தட்டைத் தோணியில் ஏறிக் கரையோரம் செல்வர். நீண்ட கழியின் முனையில் வளைந்த இரும்புப் பற்களைப் பொருத்திய வாரியை நீரில் இறக்கிக் கல்லைப் பற்றி மேலே இழுப்பர். தோணி நிறைந்ததும் கப்பலுக்குச் சென்று கல்லை ஏற்றுவர். மீண்டும் கரையோரம் திரும்புவர். கை ஓய்ந்தாலும் வேலை ஓயாது. திடீரெனக் காற்றுத் திரும்பினால், ஒதுங்குவதற்கு இடமற்ற அக்கரையில் கப்பல் மோதி நொறுங்கும் அச்சமும் உண்டு.

கல்லினை ‘டாய்ஸ்’ என்னும் பழைய பிரெஞ்சு அளவைப் பெயரால் கணக்கிட்டு விற்றனர். 12 அடி நீளமும், 6 அடி அகலமும், 3 அடி உயரமும் உள்ள குவியலே ஒரு டாய்ஸ். அஃது ஏறத்தாழ பத்து டன் எடையுள்ளது. அத்தனையும் மனிதர் கையாலேயே நீரிலிருந்து எடுக்கப்பட்டது.

உழைப்பினால் நகரம் உயர்ந்தது. ஆனால் கரை தேய்ந்தது. ஏரியடியில் கிடந்த கற்கள் பயனற்றுக் கிடந்தவையல்ல. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காத்தவை அவையே. அவை நீங்கியதும் அலைகள் தடையின்றி வந்து மண்ணை அரித்தன. கரையோர உழவர்கள் தங்கள் நிலம் ஏரியில் சரிவதைக் கண்டு வெகுண்டனர். கல்லெடுப்போருக்கும் அவர்களுக்கும் பூசல் மூண்டது. அதன் விளைவாக 1857-ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று பிறந்தது. கரையிலிருந்து மூன்று ‘ராடு’ தொலைவுக்குள், அஃதாவது ஏறத்தாழ ஐம்பது அடிக்குள், கல்லெடுத்தல் தடுக்கப்பட்டது. எனினும் அதற்கு அப்பால் கல்லெடுப்பு நிகழ்ந்துகொண்டே இருந்தது.

சட்டத்தால் நில்லாத தொழில் சிமெண்டால் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்கிரீட்டும், இயந்திரத்தால் உடைத்த சரளைக் கல்லும் மலிவாகக் கிடைத்தன. ஏரிக்கல்லை நாடுவார் குறைந்தனர். முதல் உலகப்போர் முடிந்த காலத்தையொட்டி இத்தொழில் மறைந்தது.

தொழில் மறைந்தும் அதன் சுவடு மறையவில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்பதுபோல, ஒவ்வொன்றாய் எடுத்த கல் பத்து இலட்சம் கன மீட்டர் அளவினதாகும் என்று பிற்காலத்தார் கணித்துள்ளனர். கற்களின் இடுக்குகளில் முட்டையிடும் மீன்களும் அதனால் இடமிழந்தன. போர்ட் கிரெடிட்டை உள்ளடக்கிய மிசிசாகா நகரின் லேக்வியூ பகுதியில், 2016-ஆம் ஆண்டில் ஏரிக்கரையைத் திருத்தும் பணி தொடங்கியது. கட்டட இடிபாடுகளையும் கற்களையும் கொண்டு 26 ஹெக்டேர் பரப்பில் புதிய கரையும் சதுப்பு நிலமும் அமைக்கத் திட்டமிட்டனர். ஏரியிடமிருந்து நகரம் பெற்ற கடன் இவ்வாறு சிறிது சிறிதாகத் திரும்புகின்றது.

கல்லெடுத்தோர் கொடியவர் அல்லர். வயிற்றுக்காக வருந்தி உழைத்தவர். ஏரியடிக் கல் எவர்க்கும் உரியதன்று என்று அவர்கள் எண்ணினர். எவர்க்கும் உரியதன்று எனத் தோன்றும் பொருளே எல்லார்க்கும் காவலாய் இருத்தல் கூடும் என்பதை அவர்கள் வரலாறு உணர்த்துகின்றது.