நீர்க்குறியும் நிழற்படமும்

ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெறுமையாய்த் தோன்றிய இடத்தில் மங்கலாக ஓர் உருவம் தெரியும். இதுவே நீர்க்குறி. கடதாசி ஈரமாயிருக்கும்போதே அதன் தடிப்பைக் கூட்டியும் குறைத்தும் இதனைப் பதிக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் ஃபப்ரியானோ நகரத்துக் கடதாசித் தொழிலாளர் இம்முறையைக் கையாண்டனர். தாள் இன்னாருடையது என்று காட்டுவதே அன்றைய நோக்கம். கள்ள நோட்டைத் தடுக்கும் பணி பின்னரே வந்து சேர்ந்தது.

இணையத்திற் பகிரும் படங்களின்மேல் மெல்லியதாகப் பதிக்கும் எழுத்துக்கும் சின்னத்துக்கும் இன்று அப்பெயரே வழங்குகின்றது. இதனாற் பயனுண்டா? இந்தியப் பெண்கள் பலர், பிறர் எடுத்துத் துர்ப்பிரயோகம் செய்வர் என்றஞ்சி, பேஸ்புக்கில் தம் முகத்தைக் காட்டாதிருந்தனர். 2017 யூன் மாதத்தில் அந்நிறுவனம் அங்கு சில பாதுகாப்பு வசதிகளை ஏற்படுத்தியது. படத்தின்மேல் ஒரு சித்திர வேலைப்பாட்டைப் படரவிடுதல் அவற்றுள் ஒன்று. அவ்வாறு செய்த படங்களைப் பிறர் பிரதிசெய்வது குறைந்தது 75 சதவீதம் குறைந்ததென ஆரம்பப் பரிசோதனையிற் கண்டதாக நிறுவனம் அறிவித்தது. இது அவர்களே சொன்ன கணக்கு. ஆயினும் காரணம் விளங்கத்தக்கதே: திருடுபவன் துப்புரவான படத்தையே தேடுகிறான்.

மறுபக்கமும் உண்டு. அதே 2017இல் கூகுள் ஆய்வாளர்கள், ஒரே குறியை மாற்றமின்றிப் பல படங்களில் இட்டால், அவற்றை ஒப்பிட்டுக் கணினி அக்குறியைத் தானாகவே நீக்கிவிடும் என்று காட்டினர். படத்துக்குப் படம் குறியைச் சற்று வளைத்தால் நீக்கிய இடத்தில் தழும்பு எஞ்சும் என்பதையும் கண்டனர். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் கைதேர்ந்தவை. ஆகவே நீர்க்குறியைப் பூட்டென்று எவரும் நம்பிவிட வேண்டாம்.

பலரும் குறியைக் கீழ் மூலையில் இடுகின்றனர். பார்வைக்கு அழகுதான், ஆனால் ஓரத்தை வெட்டினால் குறியும் போய்விடும். வானம், வெள்ளைச் சுவர் போன்ற ஒரே நிறப் பரப்பில் இட்டாலும் அழிப்பது இலகு. தலைமுடி, முகத்தின் ஓரம், சேலைப் பூவேலை ஆகியவற்றின் குறுக்கே சாய்வாகச் செல்லட்டும். முகத்தைத் தொடாத குறி முகத்தைக் காவாது.

எழுதவேண்டியது யாது? வெறும் பெயர் போதாது. சம்பந்தம் பேசுவதற்கென்று பெண்ணின் படம் தரகரின் கைத்தொலைபேசிக்குப் போகிறது. அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும், முன்பின் அறியாத வீடுகளுக்கும் போகிறது. பொருத்தம் சரிவராவிட்டாலும் படம் திரும்புவதில்லை. (முன்னர் கடித உறையில் வைத்தனுப்பிய படத்தைத் திருப்பிக் கேட்கவாவது முடிந்தது.) அந்த முகம் பொய்ப் பெயரில் எங்காவது தோன்றினால் ஊர்ப்பேச்சு பிள்ளையின் தலையில் விழுகிறது, படத்தைக் கைமாற்றியவரை எவரும் கேட்பதில்லை. ஆகவே 'சம்பந்தம் பேச மட்டும்' என்பதுடன் மாதத்தையும், பெறுபவரின் முதலெழுத்தையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகப் பொறித்து அனுப்புங்கள். படம் வெளியே போனால் எந்த வாசலாற் போனது என்பது தெரியும். தரகருக்கு மனத்தாங்கல் வரலாம், வரட்டும்.

வட்ஸ்அப்பில் அனுப்பும் அடையாள அட்டைப் பிரதிக்கும் இதுவே முறை: எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேவைக்கு என்பதை அதன் குறுக்கே எழுதுக.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பூப்புனித நீராட்டு விழாப் படங்களையும் முதல்நன்மைப் படங்களையும் ஸ்ரூடியோக்காரர் தம் பெயர் பொறித்துத் தமது பக்கத்தில் விளம்பரமாக இடுகின்றனர். அக்குறி காப்பது அவர்தம் தொழிலை, பிள்ளையை அன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படத்தை ஆக்கியவரையே பதிப்புரிமையின் முதல் உரிமையாளராகப் பொதுவாகக் கொள்கிறது. "எமது பிள்ளையின் படத்தை எமது சம்மதமின்றி வெளியிடலாகாது" என்று முற்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்குவது நல்லது. பணம் முழுவதும் கைமாறிய பின் கேட்பது சங்கடம்.

குறியிடாத மூலப்படத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; வெளியே போவது சிறிதாக்கிய, குறியிட்ட பிரதியாக மட்டும் இருக்கட்டும். யாருக்கு, எந்தத் திகதியில், எந்தக் குறியுடன் அனுப்பினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அக்கொப்பியும், பொய்ப் பக்கத்தின் திரைப்பிரதியும், உங்களிடமுள்ள மூலப்படமும் ஒன்றாகவே தேவைப்படும்.