பாட்டு ஏன் பாதியில் நிற்கிறது?

காரில் மெதுவாக ஒலிக்கும்போது தொல்லையில்லை. ஒலியைக் கூட்டியதும் ஆம்ப்ளிபயர் அணைகிறது. சற்றுப் பொறுத்துத் தானே இயங்குகிறது. பாட்டரியைச் சோதித்தால் 12 வோல்ட் இருக்கிறது. பிழை எங்கே?

ஓம் விதியை நினைவுகூருங்கள். ஆம்ப்ளிபயரின் எர்த் கம்பி காரின் தகட்டோடு சேருமிடத்தில், துருவினால் 0.1 ஓம் தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். மெல்லிய ஒலிக்கு 2 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே இழப்பு 0.2 வோல்ட்தான். உரத்த ஒலிக்கு 20 ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 20 × 0.1 = 2 வோல்ட்! ஆம்ப்ளிபயருக்கு எஞ்சுவது 10 வோல்ட். மின்னழுத்தம் இவ்வளவு தாழ்ந்தால், பல ஆம்ப்ளிபயர்களில் காப்புச் சுற்று இயக்கத்தை நிறுத்திவிடும். நின்றதும் மின்னோட்டம் குறைகிறது, இழப்பும் மறைகிறது, மீண்டும் 12 வோல்ட்! அணைந்தபின் அளந்தால் பிழை தெரியாததன் காரணம் இதுவே.

ஆகவே, பாடும்போதே அளக்க வேண்டும். ஆம்ப்ளிபயரின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட்மீட்டரை இணையுங்கள். முள் சுழியருகே நின்றால் அந்த இணைப்பு நன்று. 1 வோல்ட்டைத் தாண்டினால் பழுது.

பெரிய பியூஸ் போடுவது மருந்தாகாது, ஆபத்து. அந்த இணைப்பில் வெளிப்படும் வெப்பம் 20 × 20 × 0.1 = 40 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு! துருவைச் சுரண்டி, திருகை இறுக்குவதே சரியான வழி.

தடை 0.05 ஓம் எனில் வெப்பம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்.