தீவுகளின் காய்கறிப் பயிர்களில் சாம்பல் நோய்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்தில் தொடங்கும் மழை, இரு பருவக் காற்றுகளின் துணையால் டிசம்பர் வரை நீடிக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களே வறண்ட காலமாகும். நெல் அறுவடைக்குப் பின் வெண்டை, பாகல், புடல், பூசணி, வெள்ளரி முதலியவை பெருமளவில் பயிரிடப்படுவது இக்காலத்தில்தான். சிறு விவசாயிக்குக் கையில் பணம் புழங்கும் காலமும் இதுவே. இந்த வருவாயைக் குலைக்கவல்ல நோய்களுள் ஒன்று சாம்பல் நோய்.

சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோ மீட்டர் கடல்வழித் தொலைவில் உள்ள இத்தீவுகளுக்குக் காய்கறிகளின் ஒரு பகுதி கப்பலில் வந்து சேர வேண்டியுள்ளது. தீவுகளின் காய்கறிக் களஞ்சியம் எனப் பெயர் பெற்றது நீல் தீவு. 2018இல் இதற்கு ஷாஹீத் த்வீப் எனப் பெயர் மாற்றப்பட்டது. இத்தகைய இடங்களில் விளைச்சல் குறைந்தால், விவசாயியின் இழப்போடு நகர மக்களின் செலவும் கூடுகிறது.

வறட்சியில் வளரும் பூசணம்

பூசண நோய்கள் யாவும் மழையினால் வருவன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சாம்பல் நோய் இதற்கு விலக்கு. இதன் வித்துகளில் போதிய நீர் அடங்கியிருப்பதால், இலை நனையாமலேயே அவை முளைத்துவிடும். பலத்த மழை அவற்றை இலையிலிருந்து கழுவி அகற்றிவிடுகிறது. வறண்ட பகலும், ஈரப்பதம் மிகுந்த இரவும், செடிகளின் நெருக்கமும் நோய்க்கு உகந்தவை. இம்மூன்றும் தீவுகளின் வறண்ட காலத்தில் ஒருங்கே அமைகின்றன. சூழ்நிலை சாதகமாயின் ஒரு வாரத்திற்குள்ளாகவே புதிய வித்துகள் தோன்றிக் காற்றில் பரவும்.

உயிருள்ள செடியை மட்டுமே சார்ந்து வாழும் இப்பூசண இனத்தில் பல வகைகள் உண்டு. குளிர் நாடுகளின் தோட்டங்களில் பியோனி மலர்ச்செடியைத் தாக்குவதும், நம் நாட்டில் மாம்பூக்களைக் கருக்குவதும் இந்த இனமே.

நோயை இனங்காணல்

நிழலில் உள்ள முதிர்ந்த அடியிலைகளில் முதலில் சிறு வெண்புள்ளிகள் தோன்றும். அவை விரிந்து, சாம்பல் தூவியது போல் இலை முழுவதும் படியும். பின்னர் இலை மஞ்சளாகிக் காய்ந்துவிடும். இலை இழந்த கொடியில் காய்கள் சிறுக்கின்றன; வெயில் பட்டு வெம்புகின்றன; அறுவடைக் காலமும் சுருங்குகிறது.

அடிச்சாம்பல் நோயை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அது ஈரம் மிகுந்த காலத்தில் வருவது. இலையின் மேற்புறத்தில் கோணலான மஞ்சள் திட்டுகளையும், அடிப்புறத்தில் பூசண வளர்ச்சியையும் காட்டுவது. அதற்குரிய மருந்து வேறு.

கந்தகமும் அதன் எல்லையும்

1845இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரில் திராட்சைக் கொடிகளில் சாம்பல் நோய் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் அது பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பெரிதும் நலிவடையச் செய்தது. அவற்றை மீட்டது கந்தகத் தூளே. இயற்கை வேளாண்மையிலும் அனுமதிக்கப்படும் கந்தகம் இன்றும் பயனுள்ளதாக விளங்குகிறது.

வெண்டையில் நோய் தென்பட்டவுடன், ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம். 15 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கலாம். பறிக்க வேண்டிய காய்களைப் பறித்த பின்னரே தெளிக்க வேண்டும். அடுத்த பறிப்புக்கு மருந்துச் சீட்டில் கண்ட காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பாகல், புடல், பூசணி, வெள்ளரி ஆகிய கொடிவகைகளில் கந்தகத் தூளைத் தூவக்கூடாது, இலைகள் கருகிவிடும். வெண்டையிலும்கூட, கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் தீங்கு நேரலாம். எனவே காலையிலோ மாலையிலோ தெளிப்பது நன்று. வேப்பெண்ணெய் தெளித்த வயலில் இரண்டு வார இடைவெளியேனும் விட்ட பின்னரே கந்தகத்தைப் பயன்படுத்த வேண்டும். ஒரே மருந்துக் கலன் எல்லாப் பயிருக்கும் பயன்படும் சிறு தோட்டங்களில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைப்பது விரிவாக்க அலுவலரின் கடமையாகும்.

கொடிவகைகளுக்கு மாற்று வழிகளும் உண்டு. கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த ஒருவகைப் பூசணிச் செடியில், நீரில் கலந்த பசும்பால் இந்நோயைக் கட்டுப்படுத்துவதாக 1999இல் பிரேசில் நாட்டு ஆய்வொன்று தெரிவித்தது. நம் தோட்டங்களில் முதலில் சில செடிகளில் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

முன்னேற்பாடு

மருந்தைவிடச் சாகுபடி முறையே மலிவான காப்பு. போதிய இடைவெளி விட்டு நட்டு, கொடிகளைப் பந்தலில் ஏற்றினால் காற்றோட்டம் பெருகும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்டால் இளந்தழை மிகுந்து நோய்க்கு இடமளிக்கும். பறிப்பு முடிந்த பழைய கொடிகளை அகற்றி அழிக்காவிடின், அவற்றிலிருந்து பக்கத்து இளம்பயிருக்கு வித்துகள் பரவும்.

இத்தீவுகளுக்கு மருந்தும் விதையும் பெரும்பாலும் கடல் கடந்தே வர வேண்டும். நோய் பரவிய பின் சரக்குக்கு எழுதினால், கப்பல் வருமுன் பயிர் போய்விடும். ஆதலால் கந்தகத்தையும், நோய் தாங்கும் இரகங்களின் விதைகளையும் டிசம்பருக்கு முன்னரே இருப்பில் வைத்தல் வேண்டும். போர்ட் பிளேரில் 1978இல் நிறுவப்பட்ட மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், இன்று மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாகச் செயல்படுகிறது. அந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. இரகத் தேர்வில் அந்நிலையத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

மழை ஓய்ந்த நாள் முதல் வாரம் ஒருமுறை அடியிலைகளைப் பார்வையிடும் பழக்கத்தை ஒவ்வொரு தோட்டத்திலும் ஏற்படுத்துதல் வேண்டும். முதல் வெண்புள்ளியிலேயே நோயைக் கண்டுகொண்டால் சில இலைகளைக் கிள்ளி அகற்றுவதோடு பணி முடியலாம். இரண்டு வாரம் தாழ்த்தினால் தோட்டம் முழுவதற்கும் மருந்து தேவைப்படும்.