விரிவது இரைப்பையின் தொழில்

அன்புள்ள இளவேனிலுக்கு,

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்த புதிதில் அரை இட்லியோடு தட்டை நகர்த்திவிட்ட அப்பா, எட்டு மாதம் கழித்து இரண்டு இட்லி சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். "பை விரிந்துவிட்டதா அத்தை? மறுபடியும் பழைய எடைக்கே போய்விடுவாரா?" என்றும் கேட்டிருந்தாய். இவை ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் இரண்டு கேள்விகள். முதலாவதற்குப் பதில், கொஞ்சம் விரிந்திருக்கும். இரண்டாவதற்குப் பதில், அந்த ஒரு காரணத்தால் மட்டும் போய்விடமாட்டார். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்வதால்தான் பல வீடுகளில் சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிடுகிறது.

விரிவது இரைப்பையின் நோயல்ல, தொழில். வெறும் வயிற்றில் அது 75 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். உட்சுவர் சுருக்குப்பை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். நாம் விழுங்கத் தொடங்கியதுமே வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், மேல்பகுதித் தசை தளர்ந்து இடம்விடும். மடிப்புகள் பிரியப் பிரிய ஒரு லிட்டருக்கு மேலும் கொள்ளும். உணவு குடலுக்கு இறங்கியதும் பழையபடி சுருங்கிவிடும். கல்யாணப் பந்தியில் ஒரு பிடி பிடித்தவருக்கும் மறுநாள் காலையில் வயிறு விரிந்தே நிற்பதில்லை.

அப்பாவுக்கு நடந்த ஸ்லீவ் சிகிச்சையில், வாய்வழியாக ஓர் அளவுக்குழாயை உள்ளே இறக்கி, அதை ஒட்டினாற்போல ஸ்டேப்ளர் கருவியால் தைத்து, இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். வெட்டியெடுத்த பகுதியில் இடப்பக்கம் குவிந்து நிற்கும் உச்சிப்பகுதியும் சேர்த்தி. மிக எளிதாக விரிந்துகொடுப்பது அந்த உச்சிப்பகுதிதான். மிஞ்சிய குழாய் அவ்வளவு இளகிக் கொடுக்காது. ஆனாலும் அது உயிருள்ள தசை, இரும்புக் குழாய் அல்ல.

அரை இட்லி இரண்டானதற்கு முதல் காரணம் மிகச் சாதாரணமானது. புதிதில் தையல் போட்ட இடம் முழுக்க வீங்கியிருக்கும். தண்ணீரே மெதுவாகத்தான் இறங்கும். வீக்கம் வற்றியதும் வழி தாராளமாகும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கொள்ளளவும் கூடும். சிலி நாட்டு மருத்துவர்கள் சிலர் ஸ்லீவ் செய்துகொண்ட ஒரு சிறு குழுவினரை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் 100 மில்லிலிட்டரைச் சற்றுத் தாண்டியிருந்த கொள்ளளவு, இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 250 ஆகியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்தான். ஆனாலும் முழு இரைப்பையோடு ஒப்பிட்டால் அது சிறியதே. எட்டு மாதத்தில் இரண்டு இட்லி என்பது சிகிச்சை தோற்றதன் அடையாளமல்ல. சரியாக ஆறியதன் அடையாளம்.

அப்படியானால் விரிவுக்கு எல்லையே இல்லையா? பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007-இல் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டார்கள். சாப்பாட்டுப் போட்டிக்காரர் ஒருவரையும் சாதாரண ஆள் ஒருவரையும் எக்ஸ்ரே கருவியின் முன் நிறுத்தி ஹாட் டாக் சாப்பிடச் சொன்னார்கள். சாதாரண ஆள் ஏழோடு கைகழுவினார். மற்றவர் பத்து நிமிடத்தில் 36 விழுங்கினார். அவர் இரைப்பை சுருங்கும் வேலையையே விட்டுவிட்டு வயிறு முழுக்கப் பரவிக் கிடந்தது. வயிறு நிறைந்த உணர்வே தனக்கு வரவில்லை என்றார். அது இடைவிடாத பயிற்சியால் வந்த நிலை. ஒருநாள் அப்பா ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் பை விரிந்துவிடாது. வாந்தி வரலாம், நெஞ்சு அடைக்கலாம், அவ்வளவுதான். போதும் என்ற உணர்வை ஒவ்வொரு வேளையும் மீறுவதுதான் ஆபத்து.

இனி எடைக்கு வருவோம். எடைகுறைப்பு அறுவை சிகிச்சை பற்றி ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையைக் குறைத்தார்கள். பத்தாண்டு முடிவில் 25 சதவீதக் குறைவு நிலைத்திருந்தது. ஆக, கொஞ்சம் எடை திரும்புவது வழக்கம். முழுவதும் திரும்புவது வழக்கமல்ல.

அந்தக் கொஞ்சமும் ஏன் திரும்புகிறது? இழந்த எடையை மீட்க உடம்பே முயல்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பதும் வெட்டியெடுத்த அதே உச்சிப்பகுதியில்தான். அதனால்தான் முதல் மாதங்களில் அப்பாவுக்குப் பசியே தெரியவில்லை. காலப்போக்கில் பசி ஓரளவு திரும்பும். எடை குறைந்த உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைந்துவிடும்.

இன்னொரு காரணம் தட்டிலேயே இருக்கிறது. சிறிய பை தடுத்து நிறுத்துவது கெட்டி உணவைத்தான். இட்லி, முட்டை, சுண்டல், மீன் எல்லாம் அதில் தங்கி நிறைவைத் தரும். அல்வா, பாயசம், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட பால் ஆகியவை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். டிவி முன் உட்கார்ந்து மணிக்கொரு பிடி மிக்சர் கொறிப்பவருக்கும் பை ஒருபோதும் நிறையாது. பை துளியும் விரியாமலே எடை ஏறும் வழி இது.

உண்மையிலேயே உடற்கூறு காரணமாக இருப்பதும் உண்டு. உச்சிப்பகுதியில் சிறிது விட்டுப்போயிருக்கலாம். குழாயின் நடுவில் இறுக்கம் ஏற்பட்டு அதற்கு மேலே உப்பியிருக்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுகுடலோடு இணைத்த வாய் அகன்று, உணவு நிற்காமல் ஓடிவிடலாம். இவற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பேரியம் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும்தான் சொல்லும். எண்டோஸ்கோப்பி வழியாகத் தைத்துச் சிறிதாக்குவது, ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது, மருந்து கொடுப்பது என்று வழிகள் உண்டு. ஐந்து நாள் வெறும் கஞ்சியும் ஜூஸும் குடித்தால் பை பழையபடி சுருங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதற்கு உறுதியான சான்று இல்லை.

நீ செய்யக்கூடியது என்ன? அப்பாவின் இட்லியை எண்ணாதே. முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு என்ற வரிசையில் பரிமாறச் சொல். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரைமணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். மெதுவாக மென்று சாப்பிட நேரம் கொடுங்கள். ஆச்சி "இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்தினால், அன்பைக் காட்ட வேறு வழி சொல்லிக்கொடு. மாலையில் ஆச்சி அப்பாவோடு நடக்கப் போகட்டும். வாந்தி அடிக்கடி வந்தாலோ, தண்ணீரே இறங்காவிட்டாலோ, கைகால் மரத்துப் போனாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். விடாத வாந்தியால் பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பு கெடலாம்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது எடை பார்ப்பதோடு பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். "பை விரிந்திருக்கிறதா?" என்ற கேள்வியை அப்போது மருத்துவரிடமே நீ கேட்கலாம். அதோடு "ஒரு நாளில் அப்பா என்னென்ன சாப்பிடுகிறார்?" என்று மூன்று நாள் குறிப்பெழுதிக்கொண்டு போ. உன் முதல் கேள்விக்கு எக்ஸ்ரே பதில் சொல்லும். இரண்டாவதற்கு அந்தக் குறிப்பில்தான் பாதிப் பதில் இருக்கும்.

அன்புடன்,
அத்தை