இளையோர் உடற்கொழுப்பை அளந்தறிதல்

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டு வரை அவ்வப்போது முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்பை அறிவிக்கும் முன்னர், மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவது வழக்கம். ஓட்டைப் பார்த்து உள்ளிருப்பதைக் கூற இயலாது அல்லவா? நம் பிள்ளைகளின் உடல்நிலையும் அத்தகையதே. ஒல்லியான பிள்ளைக்கு நோய் வராது என்று நாம் எண்ணிவிடுகிறோம், அது தவறு.

புனே நகர மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் தம் உடலையே அளந்து 2004-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் 22.3 தான். ஆயினும், யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக் உடலிலோ 21.2 சதவிகிதம்! தராசு தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுவதில்லை.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பினும் வயிற்றினுள் சேரும் கொழுப்பே மிகுந்த தீங்கு செய்வது. அது கல்லீரலைப் பற்றுகிறது. இன்சுலின் செயலாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. இரத்த அழுத்தமும் உயர்கிறது. நாளடைவில் இருதயக் குழாய்கள் கெடுகின்றன. இளமையில் தொடங்கும் இக்கேடு, குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில் நோயாக வெளிப்படுகிறது.

இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தையற்காரரின் அளவுநாடா போதும். பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்து, மூச்சை இயல்பாக வெளிவிட்டதும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருத்தல் நலம். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவனின் இடுப்புச் சுற்றளவு 75-ஐ எட்டினால், அவனை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க. அங்கே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கலாம். நாடா எச்சரிக்கை மட்டுமே தரும். நோயை முடிவு செய்வது மருத்துவரின் பணி.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று உட்கார்ந்தே பொழுது போக்குகின்றனர். பொரித்த பரோட்டாவும் இனிப்புப் பானமும் எளிதில் கிடைக்கின்றன. பட்டினி போடுதல் பரிகாரம் அன்று. கரிசல் நிலத்துக் கம்பும் சோளமும், பயறும், கீரையும், மீனும் உண்ணட்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆசிரியர்களோடு கலந்து, ஆண்டுக்கு இருமுறை பள்ளியில் அளவெடுக்க ஏற்பாடு செய்யலாம். அளவைப் பலரறியக் கூறிப் பிள்ளைகளை நாணச் செய்தல் ஆகாது. பெற்றோரிடம் தனியே தெரிவிப்போம். விளையாட்டுத் திடலைச் செம்மையாக வைத்திருப்பதும் நம் பொறுப்பே. பயிரில் பூச்சியைத் தொடக்கத்திலேயே காணும் நாம், பிள்ளைகளின் நலத்திலும் அவ்விழிப்பைக் கொள்வோமாக.